கீரனூர் வரை போன எல்லைக்கல்

எங்கள் அண்ணன் ராமையா பட்டாளத்துக்குத் திரும்பிப் போன அன்று அவருக்கு முன்னால் ஒரு மாட்டு வண்டி போனது. வண்டியில் ஆள் இல்லை. ஒரு கல் மட்டும் மஞ்சள் பூசி, மாலை போட்டுக்கொண்டு, உருளாமல் இருக்க வைக்கோலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. வண்டிக்குப் பின்னால் தலையில் டிரங்குப் பெட்டியோடு அண்ணன். அண்ணனுக்குப் பின்னால் ஊர்.

பெட்டியை வண்டியில் வைத்துவிட்டுக் கையை வீசி நடக்கலாமே என்று கேட்பீர்கள். அண்ணனும் கேட்டார். கல்லுக்குச் சமமாக எதையும் வைக்கக் கூடாது என்று பூசாரி அடைக்கலம் சொல்லிவிட்டார்.

என்ன ஆனாலும் அண்ணன் வண்டியை முந்தக் கூடாது. அதுதான் ஏற்பாடு. மாடு நின்றால் இவரும் நிற்க வேண்டும். மாடு சாணி போட்டால் போட்டு முடிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். ஒரு முறை கடையாணி ஆடுகிறதே என்று சக்கரத்தைப் பார்க்கப் போனவர், பார்க்கிற மும்முரத்தில் இரண்டடி முன்னால் போய்விட்டார். நாற்பது பேர் ஒரே குரலில் போட்ட சத்தத்தில் மாடுகளே மிரண்டுவிட்டன. சக்கரம் கழன்று விழுந்தாலும் விழட்டும், நீ பின்னால் வா என்றார்கள்.

ரயில் பதினொரு மணிக்கு. கீரனூர் ஸ்டேஷனுக்கு மூன்று மைல். அண்ணன் அடிக்கடி வெயிலைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆனால் அன்றைக்கு அவருக்கு இருந்த ஒரே எதிரி அந்தச் செவலை மாடுதான்.

காப்புக் கட்டினால் என்ன செய்யக் கூடாது

பட்டணத்து வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

எங்கள் ஊர் நெடுவேலிப்பட்டியில் ஆவணியில் அம்மனுக்குத் திருவிழா. முதல் நாள் காப்புக் கட்டு. மஞ்சள் துண்டைக் கயிற்றில் முடிந்து, ஆண்களுக்கு வலது மணிக்கட்டில் பூசாரி கட்டிவிடுவார். எட்டாம் நாள், கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். எல்லோர் காப்பும் அவிழ்ந்து கொடி இறங்கினால்தான் திருவிழா முடியும். அதுவரை காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஊருக்குள் கல்யாணம் கூடாது, கவுச்சி கூடாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. தாளிக்கவே கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் அம்மனுக்கு ஆகாது.

அந்த வருஷம் அண்ணன் இரண்டு காரியத்துக்காக லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஒன்று காப்பு. இன்னொன்று என் கல்யாணம். திருவிழா முடிந்த மறுவாரம் முகூர்த்தம். அப்பா இல்லாத வீடு, அண்ணன்தான் நின்று நடத்த வேண்டும். மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். அவர் இப்போது பக்கத்து அறையில் இருந்துகொண்டு என்னைப் பற்றியா எழுதுகிறாய் என்று கேட்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

காப்புக் கட்டிய மூன்றாம் நாள் கீரனூரிலிருந்து சைக்கிளில் தந்தி வந்தது. அதைப் பிரிப்பதற்கு முன்பே எங்கள் ஆத்தா அழுது முடித்துவிட்டார். லீவு ரத்து, உடனே வரவும் என்று இருந்தது. பாகிஸ்தானோடு சண்டை மூண்டுவிட்டதைப் பஞ்சாயத்து ரேடியோ ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஆனால் ரேடியோ சொல்கிற சண்டை எங்கள் வீட்டுக்குள் சைக்கிளில் வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

வெள்ளையம்மா அத்தை

சாவடியில் ஊர் கூடியது. அண்ணன் கையை நீட்டினார். ஒரு கயிறுதானே, அவிழ்த்துவிடுங்கள், நான் போயாக வேண்டும் என்றார். பூசாரி அடைக்கலம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எட்டாம் நாளுக்கு முன்னால் அவிழ்த்த பூசாரி அவர் வம்சத்திலேயே கிடையாது.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மா அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"எங்க வீட்டு ஆளும் ஒரு கயிறுதானன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

அவ்வளவுதான் சொன்னார்.

அத்தையின் புருஷன் கருப்பையா வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய சண்டைக்குப் போனவர். அவருக்கும் திருவிழா நேரத்தில்தான் ஆணை வந்தது. காப்போடு எல்லை தாண்டிப் போனார். பர்மா பக்கம் போனதாகச் சொன்னார்கள். சண்டை முடிந்து ஒரு காகிதம் வந்தது. செத்தார் என்று அதில் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை. காணவில்லை என்று இருந்தது. காணாமல் போனவருக்குக் கருமாதி செய்ய முடியாது. அத்தை இருபது வருஷமாகக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். விசேஷ வீடுகளில் அவருக்கு முன்னால் தட்டை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பெண்கள் தடுமாறுவார்கள். அவர் அதைப் பார்த்துப் பார்த்து, விசேஷங்களுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

அதனால் கயிறுதானே என்ற பேச்சை ஊரில் யாரும் அவருக்கு எதிரில் பேச முடியாது. பட்டாளத்துக்குத் தந்தி கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். 'அம்மன் காப்பு, ஐந்து நாள் பொறுக்கவும், இப்படிக்கு ஊர்' என்று எழுதி அனுப்பினார்கள். பதில் வந்ததாகத் தகவல் இல்லை.

கல்லு எங்கே, எல்லை அங்கே

வழி சொன்னவர் சங்கிலி சுப்பையா. சர்வே ஆபீசர்களுக்கு நிலம் அளக்கும் சங்கிலி இழுத்தே வயதானவர். ஆபீசர்கள் மாறுவார்கள், சங்கிலியின் மறுமுனையில் இவர் மட்டும் மாறாமல் நிற்பார். அந்த வகையில் தனக்குத்தான் சட்டம் தெரியும் என்பது அவர் எண்ணம்.

"காகிதத்துல ஆயிரம் இருக்கும்ப்பா. நாங்க கல்லைப் பார்த்துத்தான் கோடு போடுவோம். கல்லு எங்கிட்டு இருக்கோ அங்கிட்டுத்தான் எல்லை. ராமையா எல்லையைத் தாண்ட வேணாம். எல்லை ராமையாவுக்கு முன்னாடி போகட்டும்."

ஊர் யோசித்தது. யோசிக்க யோசிக்க அதில் குறை தெரியவில்லை.

அந்தக் கல்லும் சாதாரணக் கல் இல்லை. சமஸ்தானத்துச் சர்வேக்காரர்கள் நட்டது. நட்ட மறுவருஷமே எங்கள் ஊர்ப் பெண்கள் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து அதைச் சாமியாக்கிவிட்டார்கள். சமஸ்தானம் போய் இந்தியா வந்தபோது மகாராஜாவே அரண்மனையை விட்டு நகர்ந்தார், கல் நகரவில்லை. இப்போது அண்ணனுக்காக நகர்ந்தது. கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தபோது குழியிலிருந்து ஒரு தேரை குதித்து வெளியே வந்து, என்ன ஆயிற்று என்பதுபோல் எல்லோரையும் பார்த்தது.

பக்கத்து ஊர்க்காரர்கள் மறித்தது

முதல் மைலிலேயே தகராறு. பக்கத்து ஊர்க்காரர்கள் பத்துப் பேர் ரோட்டில் நின்றுகொண்டார்கள். சங்கிலி சுப்பையாவின் சட்டம் அவர்களுக்கும் எட்டிவிட்டது. கல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் எல்லை என்றால், இந்த வண்டி எங்கள் ஊரைத் தாண்டுகிறபோது எங்கள் ஊர் உங்கள் ஊருக்குள் வந்துவிடுகிறதே, எங்கள் கண்மாய்த் தண்ணீர் யாருக்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஆட்கள் அதை யோசிக்கவில்லை.

பேச்சு முற்றியது. மீன் பிடித்த, தண்ணீர் பாய்ச்சிய பழைய வழக்கெல்லாம் வெளியே வந்தது. அண்ணன் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இந்த எல்லைச் சண்டையை முடிச்சுட்டுச் சொல்லுங்க. அங்கிட்டு ஒண்ணு காத்துக்கிட்டு இருக்கு."

அதற்குப் பிறகு அவர்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கல் வண்டியை விட்டு மண்ணில் இறங்கக் கூடாது, சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள். அவர்களில் ஒருவர் ஓடிப்போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தார். ஜாக்கிரதை தம்பி என்றார். இன்னொருவர், யாரும் கேட்காமலே, பெட்டியைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தார்.

சரக்கா, சாமியா?

ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கல்லைச் சுற்றி வந்தார். சரக்கென்றால் சரக்குக்கான விதி, சாமியென்றால் சாமிக்கான விதி, இது எது என்று கேட்டார். ஊர் எல்லை என்று சுப்பையா சொன்னார். அதற்கு மட்டும் விதி இல்லையாம். பிளாட்பாரம் வரை தூக்கி வர அனுமதித்தார். பயணிகள் பெட்டியில் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

கல் ஏறாமல் அண்ணன் ஏற முடியாது. ரயில் வந்து நின்றுவிட்டது. ஆத்தா அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். போகச் சொல்கிறாரா, நிற்கச் சொல்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

சுப்பையா பக்கத்தில் நின்ற தண்டவாளத் தொழிலாளியின் சுத்தியலை வாங்கினார். சர்வே கல்லைத் தொட்டால் ஜெயில் என்று ஆயுசு முழுக்க எங்களைப் பயமுறுத்திய மனிதர், கண்ணை மூடிக்கொண்டு ஒரே போடு போட்டார். வெல்லக்கட்டி அளவுக்கு ஒரு சில்லு தெறித்தது. பூசாரியைப் பார்த்தார்கள். சில்லும் கல்தான் என்று பூசாரி தலையாட்டினார். ஆத்தா அதை முந்தானையில் துடைத்து அண்ணனின் கையில் கொடுத்தார். எல்லை முதலில் ரயில் ஏறியது. அண்ணன் பின்னால் ஏறினார்.

ரயில் போன பிறகுதான் நான் அழுதேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பஞ்சாப் வரை நீண்ட ஊர்

வேலை கச்சிதமாக முடிந்தது என்று எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பினோம். கல்லைப் பழைய குழியில் நட்டாயிற்று. எட்டாம் நாள் கொடி இறக்கப் போன பூசாரி, கொடிமரத்தின் கீழே அப்படியே நின்றுவிட்டார்.

"கல்லோட ஒரு துண்டு பஞ்சாபுக்குப் போயிருக்குன்னா, எல்லையும் அதோட போயிருக்கு. எல்லைக்குள்ள ஒரு கையில நான் கட்டின காப்பு இருக்கு. நான் எப்படிங்க கொடியை எறக்குறது?"

எல்லோரும் சுப்பையாவைப் பார்த்தார்கள். அவர் ஆகாயத்தைப் பார்த்தார்.

அன்றிலிருந்து எங்கள் ஊர் நெடுவேலிப்பட்டியில் தொடங்கிப் பஞ்சாபில் முடிந்தது. இதில் சௌகரியமும் இருந்தது. காப்புக் கட்டியவர்கள் திருச்சிக்குப் போய்ச் சினிமா பார்த்துவிட்டு வந்தார்கள். திருச்சியும் எல்லைக்குள்தானே இருக்கிறது. ஒருவர் மெட்ராஸ் வரை போய்வந்து, ஊருக்குள்தான் இருந்தேன் என்றார்.

மற்றபடி கஷ்டகாலம். குழம்பு தாளிப்பில்லாமல் நோயாளிக் கஞ்சி மாதிரி இருந்தது. அடுப்படிகளில் வாசனையே இல்லை. தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. ஊரே கொழுக்கட்டை அவித்தது. கோழிகளுக்குத்தான் பொற்காலம். வெட்டுவாரில்லாமல் பெருகி, சாவடி வரை வந்து உட்கார்ந்தன. என் முகூர்த்தம் தள்ளிப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த என் மாமனார் எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, பையன் வந்ததும் சொல்லி அனுப்புங்கள் என்று செருப்பைத் தேடினார்.

ஆனால் ஒன்று. ஒரு வீட்டிலும் இதற்கு எதிர்ப்பு இல்லை. ராமையா கையில் காப்பு இருக்கிற வரை அம்மன் அவனைப் பார்த்துக்கொள்வாள், நாம் விரதத்தைக் கவிழ்த்தால் அவன் கவிழ்வான் என்று ஊர் நம்பியது. எங்கள் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட சப்பென்ற சோற்றைத் தின்றார்கள்.

ஒரு கரண்டி கடுகு

இதை இத்தனை நாளாக நான் வெளியே சொன்னதில்லை.

எனக்கு முகூர்த்தம் குறித்திருந்த நாள் வந்தது. மத்தியானம் ஆத்தா வயலுக்குப் போன நேரம் பார்த்துக் கதவைச் சாத்தினேன். இரும்புக் கரண்டியில் எண்ணெய் விட்டுக் கடுகும் மிளகாயும் போட்டேன். வெடிக்கிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்க உரலில் எதையோ இடித்துக்கொண்டே தாளித்தேன். தாளித்ததைப் பழைய சோற்றில் கொட்டி, அழுதுகொண்டே தின்றேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

மனசு கேட்கவில்லை. மறுநாள் இன்லண்டு கடிதத்தில் அண்ணனுக்கு எழுதிவிட்டேன், ஆத்தாவிடம் சொல்லாதே என்று.

போனதும் இரண்டு கடிதம் போட்டிருந்த அண்ணனிடமிருந்து அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோ சொன்னது. அப்போதும் வரவில்லை. புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று. எதிரி என்று ஊர் பாகிஸ்தானைச் சொன்னது. எனக்குத்தான் தெரியும், அண்ணனைக் கொன்றது நான், என் ஒரு கரண்டி கடுகு. தூங்கும்போதும் அந்தக் கடுகுச் சத்தம் கேட்டது.

கட்டிய கையும் கட்டப்பட்ட கையும்

கார்த்திகையில் ஒரு காலை கீரனூர் ரோட்டிலிருந்து அண்ணன் நடந்து வந்தார். முதலில் பார்த்தது சுப்பையாதான். ராமையா வாரான் என்று கத்தியபடி சாவடிக்கு ஓடினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவர் பக்கத்து ஊர்க்காரர், அதே ஆள்.

ஊரே எல்லைக்கல்லுக்கு ஓடியது. பூசாரி ஈரத்துணியோடு வந்து நின்றார். மேளம் வந்தது. அண்ணன் இடது கையால் சட்டைப் பையிலிருந்து சில்லை எடுத்துக் கல்லின் மூளி மேல் வைத்தார். அளவாகப் பொருந்தியது. பூசாரி காப்பை அவிழ்க்கக் கையை நீட்டினார்.

அண்ணனின் வலது சட்டைக்கை மடித்துக் குத்தியிருந்தது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

மேளம் தானாக நின்றது. ஆத்தா ஓடிப்போய் அந்த மடித்த துணியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அவரைத் தூக்கிவிட்டு, பூசாரியிடம், தப்பு செய்துவிட்டவர் மாதிரி மெல்லச் சொன்னார்.

"நான் அவுக்கலைங்க. கட்டோடதான் போச்சு."

பூசாரி திகைத்துவிட்டார். காப்பு அவிழாமல் திருவிழா முடியாது. அவிழ்ப்பதற்குக் கை ஊரில் இல்லை. எல்லோரும் அண்ணன் உயிரோடு வந்ததற்குச் சந்தோஷப்படுவதா, இனி ஆயுசுக்கும் தாளிக்க முடியாதா என்று கவலைப்படுவதா என்று தெரியாமல் நின்றார்கள். யாரோ கையை அனுப்பச் சொல்லிப் பட்டாளத்துக்கு எழுதலாமா என்றுகூடக் கேட்டார். சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

வெள்ளையம்மா அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"காப்போட போய்த் திரும்பாததுக்கு என்ன செய்யணும்னு நான் இருபது வருசமா கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு கைக்கு வழி சொல்லுவீங்கன்னா, ஒரு ஆளுக்கும் சொல்லுங்க."

பூசாரி தலை குனிந்தார். கருப்பையாவுக்குக் காப்புக் கட்டியது அவருடைய அப்பா. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயிற்று. ஒரு பக்கம் கட்டப்பட்ட கை இல்லை, இன்னொரு பக்கம் கட்டிய கை இல்லை. சங்கிலி சுப்பையா வழக்கமாக நீட்டி முழக்குகிறவர், அன்று மெதுவாகத்தான் பேசினார். ராமையாவுக்கு முன்னால் ரயில் ஏறியது இந்தக் கல், அவனுக்குப் பதிலாகக் காப்பையும் அது கட்டிக்கொள்ளட்டும், கருப்பையாவுக்கும் சேர்த்து என்றார்.

பூசாரி கல்லைக் கழுவி இரண்டு கயிறுகளைக் கட்டினார். முதல் கயிற்றை அவரே அவிழ்த்தார். இரண்டாவதைத் தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். அது என் அப்பா கட்டினது, எனக்கு உரிமை இல்லை என்றார்.

அண்ணன் முன்னால் போய்க் குனிந்தார். பட்டாளத்துக்காரனுக்குப் பட்டாளத்துக்காரன் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. ஈரக் கயிறு, இறுகிய முடிச்சு. இடது கைப் பழக்கம் இல்லாதவர். இழுக்க இழுக்கக் கயிறு வழுக்கியது. அத்தை எதிரில் உட்கார்ந்து கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனையை அண்ணன் இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது.

அந்தக் கயிற்றை அத்தை உள்ளங்கையில் சுருட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே இருந்தார். பொம்பளைகள் தயங்கித் தயங்கி அவருடைய நெற்றியைப் பார்த்தார்கள். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"காப்பைத்தான அவுத்தோம்," என்றார். குங்குமத்தைத் தொடவில்லை. ஆனால் பத்து நாள் கழித்து என் கல்யாணத்துக்கு வந்தார். தட்டை நீட்டினேன். எடுத்துக்கொண்டார்.

காப்பு அவிழ்ந்த அன்று, கொடி இறங்கிய அடுத்த நிமிஷம் பெண்கள் எல்லோரும் வீட்டுக்கு ஓடினார்கள். எந்த வீட்டில் முதலில் கடுகு வெடிக்கிறது என்று போட்டி. நான் மட்டும் அடுப்புக்கு முன்னால் கரண்டியை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கை வரவில்லை. அண்ணன் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார். அந்த மடித்த சட்டைக்கையை என்னால் பார்க்க முடியவில்லை.

"தாளி பொன்னு," என்றார். "ஊருலயே ஒனக்கு ஒருத்திக்குத்தான் பழக்கம் விட்டுப்போகலை."

கடிதம் அவருக்குக் கிடைத்திருக்கிறது. எந்த நாளில் கை போயிற்று என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று அழுதேன். அவர் என் பக்கத்தில் குந்தி, கடுகு டப்பாவை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் மூடியைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

"ஒன் கடுகுச் சத்தம் அம்புட்டுத் தூரம் கேக்கலை. போடு, பசிக்குது."